பின்பக்கத்து ஆள்

சர்வர் அறையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். கண்ணாடிக் கதவு, குளிர்காற்று, வரிசையாகக் கறுப்புப் பெட்டிகள், முகம் தெரிகிற தரை. பாஸ் யாரையாவது அழைத்து வந்தால் அங்கேதான் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார். பின்பக்கத்துக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. அங்கே வெக்கை. முன்னால் உறிஞ்சிய குளிர்காற்றை இயந்திரங்கள் சூடாக்கிப் பின்னால் துப்பும். கூடவே இரைச்சலையும் துப்பும். அந்தத் துப்பலில் நின்றுதான் நான் பல வருடம் பிழைத்தேன்.

வேலை ஜார்ஜ்டவுனில், ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் மேல்மாடியில். பல கம்பெனிகளின் சர்வர்களை ஒரே அறையில் வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். எனக்கு வீடு கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில். காலையில் ஃபெரி ஏறி இறங்கினால் நடக்கிற தூரம்தான். மின்னட்டையைக் காட்டிக் கதவைத் திறந்ததும் முன்பக்கத்து ஆட்கள் குளிருக்கு ஜாக்கெட்டை மாட்டுவார்கள், நான் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டு பின்னால் போவேன்.

பின்பக்கத்தைப் படிக்கத் தெரியவேண்டும். ஒவ்வொரு சர்வருக்கும் பின்னால் இரண்டு மின்பெட்டிகள் இருக்கும். ஒன்று படுத்தாலும் மற்றது தாங்கும். ஒவ்வொன்றிலும் மிளகு அளவுக்கு ஒரு விளக்கு. பச்சை அசையாமல் எரிந்தால் சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. பச்சை விட்டு விட்டு எரிந்தால் சர்வரை அணைத்தாயிற்று, மின்கம்பி மட்டும் இன்னும் செருகியிருக்கிறது. மஞ்சள் வந்தால் அந்த மின்பெட்டி படுத்துவிட்டது, மாற்றுப்பெட்டி தேடி ஓடவேண்டும். நெட்வொர்க் கம்பி செருகும் இடத்தில் இரண்டு பொடி விளக்குகள். ஒன்று, மறுமுனையில் யாரோ இருக்கிறார்கள் என்று சொல்லும். இன்னொன்று, பேச்சு நடக்கிறது என்று படபடக்கும். முதலாவது எரிந்து இரண்டாவது சும்மா இருந்தால், அந்தப் பக்கம் ஆள் இருந்தும் பேசவில்லை என்று அர்த்தம். இதையெல்லாம் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. தப்பாகப் படித்துத் திட்டு வாங்கித்தான் சரியாகப் படிக்க வந்தது.

பிறகு ஸ்லாட்டுகள். சர்வரை வாங்கும்போது அதற்கு இல்லாத திறமையைப் பிற்பாடு சேர்க்க விட்டிருக்கும் வாசல்கள் அவை. கூடுதல் நெட்வொர்க் வேண்டுமா, ஒரு கார்டு வாங்கி அங்கே செருகலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், வியர்வை வழிகிற கண்ணுக்குத் தெரியாத அளவில் தகட்டில் பொறித்திருப்பார்கள். காலியாக இருக்கும் ஸ்லாட்டை மூடியே வைக்கவேண்டும். திறந்து கிடந்தால் காற்று குறுக்கு வழியில் ஓடிவிடும், போகவேண்டிய இடத்துக்குப் போகாது. புதிதாக வருகிறவர்கள் மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னொன்று, சர்வர் ஓடும்போது எங்கள் சர்வர்களில் கார்டைக் கழற்ற முடியாது. முதலில் அணைக்கவேண்டும். பிறகு இரண்டு மின்கம்பிகளையும் பிடுங்கவேண்டும். அதற்கப்புறம்தான் பெட்டியை இழுத்துத் திறக்கலாம். இந்த வரிசை மாறக்கூடாது.

இதில் ஒரு சிக்கல். திரையும் விசைப்பலகையும் முன்பக்கம், கம்பிகள் பின்பக்கம். நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ரேக்குகள், அலமாரி அலமாரியாக, சுவர் மாதிரி. அதனால் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர். முன்னால் ஒருவர் அணைப்பார், பின்னால் ஒருவர் பிடுங்குவார். கைபேசியை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. வாசல் பக்கம் சுவரில் ஒரு தொலைபேசி உண்டு, அவ்வளவுதான். எனவே கத்துவோம்.

"அணைச்சாச்சு, புடுங்குங்க!"

"புடுங்கியாச்சு!"

மீன் பாசாரில்கூட அவ்வளவு கத்தல் இருக்காது.

வாசலில் காதடைப்பான் ஒரு பெட்டி நிறைய இருக்கும். மஞ்சள் பஞ்சு, உருட்டிக் காதில் விட்டால் உப்பிக்கொள்ளும். உள்ளே வருகிறவர்கள் கட்டாயம் போடவேண்டும் என்று அறிவிப்பும் ஒட்டியிருக்கும். போட்டால் முன்னால் இருப்பவர் கத்துவது கேட்காது. கேட்காவிட்டால் வேலை நடக்காது. வேலை நடக்காவிட்டால் பாஸ் கேள்வி கேட்பார். எனவே நாங்கள் ஒரு காதை மட்டும் அடைத்துக்கொள்வோம், மற்றது கத்தலுக்கு. போகப் போக நான் அந்த ஒன்றையும் விட்டுவிட்டேன். சோதனைக்கு அதிகாரிகள் வருகிற நாளில் எல்லோரும் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நல்ல பிள்ளைகளாக நிற்போம். அன்றைக்கு ஒரு வேலையும் நடக்காது, அதை ஒருவரும் கவனித்ததும் இல்லை.

காது ஒரே நாளில் போகவில்லை. குக்கர் விசில் எனக்குக் கேட்பதை எப்போது நிறுத்தியது என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டில் டிவி சத்தம் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டுச் சீனத்தி கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனாள். என் மனைவிக்கு அது பெரிய அவமானம்.

"ஒங்களுக்குக் காது கேக்கலையா, இல்ல நான் பேசுறது புடிக்கலையா?" என்று கேட்டாள்.

ரெண்டும்தான் என்று சொல்லித் தப்பித்தேன். அவள் சிரிக்கவில்லை.

என்னோடு முன்பக்கத்தில் வேலை செய்தவள் செபராங் ஜெயாவிலிருந்து வரும் ஒரு தமிழ் முஸ்லிம் பெண். என் வயதில் பாதிதான் இருக்கும். நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். விரல் விசைப்பலகையில் பறக்கும், வாய் அதைவிட வேகம். என் விஷயம் அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒருநாள் வேலை நடுவில் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து நின்றாள்.

"என்னா அண்ணே, எத்தன தடவ கத்துறது? திரும்பிக்கூட பாக்க மாட்றீங்க."

"ஃபேன் சத்தம் லா. நீ பூன மாதிரி கத்துனா எப்படிக் கேக்கும்?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த முறை கத்தல் வரவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த சர்வரின் பின்னால் நீல விளக்கு எரிந்தது.

நீல விளக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். முன்பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தானை அமுக்கினால் அதே சர்வரின் பின்பக்கத்தில் நீலம் எரியும். எல்லாப் பெட்டியும் ஒரே அச்சில் இருக்கிற இடத்தில், முன்னால் பார்த்த பெட்டி பின்னால் எது என்று கண்டுபிடிக்க வைத்தது அது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பிள்ளை கையைத் தூக்குமே, அந்த வேலை. அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. சர்வர் ஓடுகிறதா அணைந்ததா, பிடுங்கலாமா கூடாதா, எதுவும் அதற்குத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதற்கு வேறு பொருள் கொடுத்தோம். அவள் முன்னால் அணைத்து முடித்துவிட்டு நீலத்தை ஏற்றுவாள். நீலம் வந்தால் பிடுங்கு. வராதவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நில். பேசி வைத்துக்கொண்டு செய்ததல்ல. அவள் செய்தாள், எனக்குப் புரிந்தது, அப்படியே பழகிவிட்டது.

அவள் காட்டிய இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். ஐம்பதைத் தாண்டியவன், ஒப்பந்தத்தில் இருப்பவன், வருடா வருடம் புதுப்பித்தால்தான் உண்டு. ரோஷமெல்லாம் எனக்குக் கட்டுப்படியாகாது. நீலத்தால் வேலை முன்பைவிடச் சுத்தமாகவும் நடந்தது. மற்ற ஜோடிகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, நாங்கள் சத்தமில்லாமல் முடித்துவிட்டுப் போவோம். பாஸ்கூட ஒருமுறை பாராட்டினார். அதற்கு நாங்கள் இரண்டு பேரும் அசடு வழிந்தோம்.

அது நடந்தது மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். ஒரு சர்வரில் மூன்றாம் ஸ்லாட்டில் இருந்த நெட்வொர்க் கார்டு கெட்டுவிட்டது. அதன் விளக்கு வருவதும் போவதுமாக இருந்தது. மாற்றவேண்டும். அந்த ரேக்கில் அச்சு அசல் ஒரே மாதிரி இரண்டு சர்வர்கள், ஒன்றின்மேல் ஒன்று. மேலே இருந்தது எங்கள் வேலை. கீழே இருந்தது வேறு ஒரு கம்பெனியுடையது. இரண்டுக்கும் நடுவே கம்பிக் கட்டு தொங்கிக்கொண்டு பெயர்ச் சீட்டுகளை மறைத்திருந்தது. எது எங்களுடையது என்று நீலம் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். தங்கச்சி முன்னால் அணைக்க ஆரம்பித்தாள். சர்வர் நினைத்தவுடன் அணைந்துவிடாது, எடுத்துவைத்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஆற அமரத்தான் தூங்கும். நான் குந்தி உட்கார்ந்து காத்திருந்தேன்.

நீலம் எரிந்தது. பச்சை எப்படி எரிகிறது என்றுகூடப் பார்க்காமல் இரண்டு கையாலும் இரண்டு மின்கம்பிகளையும் பிடுங்கினேன்.

நீலம் எரிந்தது கீழ்ச் சர்வரில். ஏற்றியது தங்கச்சி இல்லை. கோலாலம்பூரில் தலைமையகத்தில் உட்கார்ந்திருந்த ஒரு எஞ்சினியர், தம் மேசைக் கணினி வழியாகவே அதை ஏற்றியிருக்கிறார். அவருக்கு அந்தச் சர்வரில் வேறு ஏதோ சரிபார்க்க வேண்டியிருந்தது. பிற்பகலில் போய்ப் பார்க்கிறவர்களுக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று ஏற்றியவர், ஏற்றுவதற்கு முன்பே சுவர்த் தொலைபேசிக்கு அழைத்து, கீழே எரியப்போவதைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று தங்கச்சியிடம் சொல்லியும்விட்டார். அவர் மேல் தப்புச் சொல்ல எனக்கு இடமில்லை. அந்த விளக்கை எதற்கு வைத்தார்களோ அதற்குத்தான் அவர் அதைப் பயன்படுத்தினார்.

தங்கச்சி மூச்சிரைக்க ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"கத்துனேனே அண்ணே! கீழ உள்ளது நம்மளோடது இல்ல, தொடாதீங்கன்னு கத்திக்கிட்டே இருந்தேனே!"

பாதி கேட்டது, மீதியை உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கையில் இரண்டு மின்கம்பிகள் தொங்கின. கீழ்ச் சர்வரின் பின்பக்கத்தில் ஒரு விளக்குகூட இல்லை.

பிடுங்கியதைத் திரும்பச் செருகினால் சரியாகிவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஓடிக்கொண்டிருந்ததை அப்படி நிறுத்தினால் உள்ளே இருப்பது குழம்பிவிடும். அந்தச் சர்வர் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரிகளுக்கு நுழைவு அனுமதி கொடுப்பது. அது மீண்டு வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஃபெரியிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகும்போது பார்த்தேன், சாலை ஓரமாக லோரிகள் வரிசை பிடித்து நின்றன. ஓட்டுநர்கள் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு, சட்டையைக் கழற்றிவிட்டு, வெயிலில் வெந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என்னைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து பாஸ் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். அவரும் தமிழர்தான், சத்தம் போடாமல் பேசுகிறவர். அது எனக்கு இன்னும் கஷ்டம். கண்காணிப்புக் கேமராவின் படத்தைத் திரையில் ஓட்டினார். அதில் ஒலி கிடையாது. முன்பக்கத்தில் தங்கச்சி கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறாள். பின்பக்கத்தில் நான், தோட்டத்தில் புல் பிடுங்குகிறவன் மாதிரி, நிதானமாகக் குந்தியிருக்கிறேன். என்னை நானே அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இவங்க ஒங்களுக்குச் சொன்னாங்களா இல்லையா?" என்று பாஸ் கேட்டார்.

சொல்லவில்லை என்றால் அவள் தலை போகும். கேட்டும் கவனிக்கவில்லை என்றால் என் தலை போகும். நீல விளக்கைப் பற்றிச் சொன்னால் இரண்டு தலையும் போகும். கேமராவில் தெரிகிறதே, ஏன் என்னிடம் கேட்கிறார் என்று கோபமும் வந்தது.

"சொன்னாங்க. எனக்குத்தான் கேக்கல."

"அண்ணனுக்குக் கொஞ்ச நாளாவே..." என்று தங்கச்சி ஆரம்பித்தாள். நான் முறைத்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள், கண் கலங்கிவிட்டது.

பாஸ் திரையில் ஓடிய படத்தை நிறுத்தினார். பிறகு எனக்காக மெதுவாகப் பேசினார். அவருக்கும் புரிந்துவிட்டது என்று அதிலேயே தெரிந்தது.

"காது டெஸ்ட் எடுத்துருங்க அண்ணே. காது நல்லாருக்குன்னு வந்துச்சுன்னா, ஒரு வார்னிங் லெட்டரோட நான் முடிச்சிருவேன். இல்லன்னா உள்ள விட முடியாது லா. ஒப்பந்தத்தப் புதுப்பிக்கவும் முடியாது. ஒங்க பாதுகாப்புக்குத்தான் சொல்றேன்."

"காது எப்படிப் போச்சுன்னு கேக்க மாட்டீங்களா பாஸ்?"

"வாசல்ல காதடைப்பான் வச்சிருக்கோமே."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். இன்னும் பேசியிருந்தால் மேசையைக் கவிழ்த்திருப்பேன். என் பாதுகாப்பாம். இத்தனை வருடம் அந்தப் பாதுகாப்பு எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது தங்கச்சி எனக்கு எதிரே வந்து நின்று பேசினாள். அவள் எப்போதும் அப்படித்தான் நிற்பாள், உதடு தெரிகிற மாதிரி.

"அண்ணே, டெஸ்ட்ல எப்படியாச்சும் சமாளிச்சிருவீங்களா?"

"ஒனக்கென்ன பயம்? சமாளிப்பேன்," என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். எதிரில் நிற்கிறவர் பேச்சை விட்டதில்லை. பாஸோடு பேசி முடித்திருக்கிறேன், வீட்டில் காலம் தள்ளுகிறேன். மெதுவாகப் பேசினால் கேட்கிறது. அழுக்கு கொஞ்சம் அடைத்திருக்கும், அவ்வளவுதான் என்று மனைவியும் சொன்னாள். இரண்டு நாள் தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணிக் காதில் விட்டாள். என் தலையைத் தன் மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டே விட்டாள். வேண்டுதலாக இருக்கும். கடைசிப் பிள்ளை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான். இந்த வயதில் வேறு எங்கே போய் வேலை கேட்பது என்பதை நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை.

கிளினிக் ஜார்ஜ்டவுனில்தான். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே சுத்தமாக இருக்கிறது என்றார். அது நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன். பிறகு பரிசோதனை அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு தமிழ்ப் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது. அறைக்குள் இன்னோர் அறை, ஐஸ்பெட்டி மாதிரி கனத்த கதவு, ஒரு பக்கம் கண்ணாடிச் சன்னல். என்னை உள்ளே உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள்.

"சத்தம் கேட்டா இத அமுக்குங்க அங்கிள். எவ்ளோ மெல்லமா கேட்டாலும் அமுக்கணும், சரியா?"

கதவைச் சாத்தினாள். வெளியுலகம் மொத்தமும் அணைந்தது. அப்போதுதான் என் தலைக்குள் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. எத்தனை காலமாக ஓடுகிறதோ. அதை ஒதுக்கிவிட்டுக் கவனித்தேன். பூம் என்று ஒரு தடித்த ஒலி. அமுக்கினேன். மறுபடி, கொஞ்சம் மெல்லிதாக. அமுக்கினேன். இன்னும் ஒன்று, அதையும் விடவில்லை. இவ்வளவுதானா என்று தோன்றியது. இதற்கா பயந்தேன், மனைவியை வேறு கவலைப்பட வைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். பாஸ் முகத்துக்கு நேரே டெஸ்ட் முடிவுத் தாளை எப்படி நீட்டுவது என்றுகூட யோசித்தேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

காத்திருந்தேன். இயந்திரத்தில் எதையோ மாற்றுகிறாள் போல என்று விட்டுவிட்டேன். சன்னல் வழியாகப் பார்த்தால் அவள் குனிந்த தலை மட்டும் தெரிந்தது, கை ஏதோ திருகிக்கொண்டிருந்தது. நேரம் போனது. கைபேசியை நோண்டுகிறாள் என்று முடிவு செய்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு மனுஷனை உள்ளே அடைத்து வைத்துவிட்டு இந்தக் காலத்துப் பிள்ளைகள் செய்கிற வேலையைப் பார் என்று மனதுக்குள் திட்டினேன். வெளியே போய்ப் புகார் சொல்லலாமா என்று பார்த்தேன். வேண்டாம், அவள் கையில்தான் என் பிழைப்பு இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன். ஒருமுறை அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். பொத்தானைத் தூக்கிக் காட்டி, நான் தயார், நீ ஆரம்பி என்று சைகை செய்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுபடி குனிந்துகொண்டாள். நானும் மறுபடி நேராக உட்கார்ந்து, கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

கடைசியில் கதவைத் திறந்தாள்.

"என்னம்மா, மிச்சத்த எப்ப போடுவீங்க?" என்று கேட்டேன்.

ஹெட்ஃபோனை என் தலையிலிருந்து மெல்லக் கழற்றினாள். எனக்கு எதிரே வந்து குனிந்து, முகத்தை என் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

"எல்லாம் போட்டாச்சு அங்கிள். முடிஞ்சிருச்சு."